சாரதியின் கிளினிக் கொப்பியை யார் பார்க்கலாம்?

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ் அது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், மே 11ஆம் திகதி, கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கவிழ்ந்து 20க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். பதுளை மாவட்டத்துக்காரர்களிடம் பேசினால் இன்னும் பின்னால் போவார்கள். 2021 மார்ச் 20, பசறை 13ஆம் கட்டை: லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் அன்று காலையில் பள்ளத்தில் விழுந்தது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வருகின்றன. பிரேக் சரியாக இருந்ததா? வீதியில் பாதுகாப்பு வேலி இருந்ததா? கடைசியில் எல்லோரும் சாரதியிடம் வந்து நிற்கிறார்கள். தூங்கிவிட்டாரா, குடித்திருந்தாரா, ஏதும் வருத்தக்காரரா? அடுத்த நாளே, எல்லாச் சாரதிகளுக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும், வாகன உரிமையாளர்கள் சாரதிகளின் உடல்நிலையைக் கண்காணிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுகின்றன.

பரிசோதனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பரிசோதனையின் முடிவு யார் கைக்குப் போக வேண்டும், அதில் எவ்வளவு எழுதியிருக்க வேண்டும் என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஊவாவின் மலைப்பாதைகளில் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பாதுகாப்பும் தங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பஸ் விழுந்தால் செய்தி. லொறிகளைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. ஆனால் இந்த வீதிகளில் பகலிரவு பாராமல் ஓடுபவை லொறிகள்தான். தோட்டங்களின் கொழுந்து லொறிகள் மலை உச்சியிலிருந்து தொழிற்சாலைக்கு நாளில் பல தடவை ஏறி இறங்குகின்றன. வெலிமடை, ஊவா பரணகமப் பக்கத்து மரக்கறி கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் ஏறி, இரவோடிரவாக பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகிறது. சீமெந்து, உரம், எரிவாயு எல்லாம் பெரகலை ஏற்றம் ஏறி மேலே வருகின்றன. இவற்றை ஓட்டுபவர்களில் கணிசமானோர் தோட்டப்புறத்துப் பிள்ளைகள். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஒரு படி மேலே போக, ‘லைசன்’ எடுப்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த வழி.

“மெடிக்கல்ல எழுத வேணாம்னு சொல்லுவேன்”

கடந்த சில மாதங்களாக பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பகுதிகளில் லொறிச் சாரதிகளோடு பேசிவருகிறேன். பெயர் போடக் கூடாது என்பதுதான் எல்லோரும் வைத்த முதல் நிபந்தனை. அதனால் இந்தக் கட்டுரையில் எவருடைய பெயரும் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை.

மரக்கறி லொறி ஓட்டும் ஒருவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு வருடங்களாகச் சீனி வருத்தம். பதுளை பெரியாஸ்பத்திரியில் கிளினிக். “முதலாளிக்குத் தெரியாது அண்ணே. கிளினிக் நாள்ல மச்சான் வீட்டு விசேஷம், புள்ளைக்கு ஸ்கூல் மீட்டிங்னு ஏதாவது சொல்லி லீவு எடுப்பேன். டொக்டர்கிட்ட மெடிக்கல்ல சீனின்னு எழுத வேணாம், காய்ச்சல்னு போடுங்கன்னு கெஞ்சியிருக்கேன். எழுதிட்டா அடுத்த நாள் சாவி வேற ஆள் கையில.”

இரவு ஓட்டத்தில் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். “கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தா சாப்பாடு.”

அந்தச் சிரிப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கும். கை நடுங்கும், பார்வை மங்கும், யோசனை குழம்பும், சிலர் மயங்கியும் விழுவார்கள். கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவு வாகனம் ஓட்டத் தடையல்ல. நேரத்துக்குச் சாப்பிட்டு, மருந்தை ஒழுங்காக எடுத்து, மாதாந்தம் கிளினிக் போகும் நீரிழிவுக்காரர் நல்ல சாரதியாக ஓய்வு பெறலாம். ஆனால் நோயை மறைக்கும் ஒருவரால், “ஒன்பது மணிக்கு நான் நிறுத்திச் சாப்பிட வேண்டும்” என்று முதலாளியிடம் சொல்ல முடியாது. கிளினிக் நாளை ஒழுங்காகக் கேட்க முடியாது. லொறிக்குள் மாத்திரைப் பையை வைத்திருக்கக்கூடத் தயங்குகிறார். அவரது நோயைவிட, அதை மறைத்து வைக்க வேண்டிய நிலைதான் அவரையும் எதிரே வருபவரையும் ஆபத்துக்குள் தள்ளுகிறது.

கொழுந்து லொறி ஓட்டும் இன்னொருவரின் கதை வேறு. அவர் எதையும் மறைக்க முடியாத இடத்தில் இருக்கிறார். சுகமில்லை என்றால் முதலில் போக வேண்டியது தோட்டத்து மருந்துசாலைக்கு. அங்கே இருப்பவர் ஈ.எம்.ஏ. என்று அழைக்கப்படும் தோட்ட மருத்துவ உதவியாளர். அரசாங்கம் பொறுப்பேற்காத தோட்ட ஆஸ்பத்திரிகளில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்ட நிர்வாகம். “டொக்டர் ஐயா நல்ல மனுசன்தான்” என்றார் சாரதி. “ஆனா காலையில நெஞ்சு வலின்னு போனா, மத்தியானம் ஆபீஸ்ல கிளாக்கர் ஐயா, என்னப்பா ஹார்ட்டாமேன்னு கேப்பாரு. சாயங்காலம் லயத்துக்கே தெரியும்.”

அவருக்கு நெஞ்சு வலிக்குக் காரணம் இதயம் அல்ல, வாயு என்று பதுளையில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த மூன்று வாரம் லொறி கிடைக்கவில்லை. தொழிற்சாலைக்குள் சுமை தூக்கும் வேலை கொடுத்தார்கள். ‘இதய நோயாளி’க்கு அது எப்படிப் பொருத்தமான வேலை என்று யாரும் யோசிக்கவில்லை.

துரை தெரிந்திருக்க வேண்டிய நோய்

இது ஏதோ ஒரு கிளாக்கரின் வம்புக் குணத்தால் வந்ததல்ல. தோட்டத்தில் தொழிலாளியின் உடல்நிலை நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பது நூறு வருடங்களுக்கு மேற்பட்ட ஏற்பாடு.

1912ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். மற்றது தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றிய 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோய்வாய்ப்பட்டவருக்கு உடனடி உதவி செய்வதும், கடுமையான நோயென்றால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆள் அனுப்புவதும் தோட்டத் துரையின் கடமை என்று மருத்துவத் தேவைகள் சட்டம் சொன்னது. அதே பட்டியலில் இன்னொரு கடமையும் இருந்தது: தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்பதைத் துரை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்கு அது தொழிலாளருக்குச் சாதகமான சட்டம்தான். நோயாளியைக் கவனிக்காமல் லயத்தில் சாகவிட்ட தோட்டங்களைக் கட்டுப்படுத்தவே அது வந்தது. ஆனால் அக்கறையும் கண்காணிப்பும் ஒரே கையில் கொடுக்கப்பட்டன. மருந்து கொடுப்பவரும், வேலை கொடுப்பவரும், செக்ரோலில் பேர் போடுபவரும், வீடு கொடுப்பவரும் ஒரே நிர்வாகம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மண்டபம் முகாமில் பரிசோதிக்கப்பட்ட பிறகே கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் கொக்கிப்புழு ஒழிப்புத் திட்டம் தோட்டங்களுக்கு வந்தபோது லயம் லயமாக மலம் சோதித்து மருந்து கொடுத்தார்கள். கொக்கிப்புழு குறைந்தது நல்ல விஷயம். அதேநேரம், தோட்டத் தொழிலாளியின் உடல் ஒரு தனி மனிதனுடைய விஷயமாக அல்ல, தோட்டத்தின் உழைப்புக் கணக்கில் ஒரு வரியாகவே பார்க்கப்பட்டது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முழுமையடையவில்லை. துரையின் பங்களாவில் ஆட்கள் மாறினார்கள். மருந்துசாலைக்கும் ஆபீசுக்கும் இடையில் ஒரு சுவர் வேண்டும் என்ற யோசனை மட்டும் வரவில்லை.

தோட்டத்துச் சாரதிக்கு இன்னொரு சிக்கல். அவர் குடியிருக்கும் வீடும் பெரும்பாலும் தோட்டத்துடையது. கொழும்பில் ஒரு கம்பனிச் சாரதி நோய் காரணமாக வேலை இழந்தால் சம்பளம் போகும். இங்கே சாரதி வேலை போனால் வீட்டைப் பற்றிய பயமும் சேர்ந்து வருகிறது. ஒரு நோயின் பெயர் இவ்வளவையும் ஆட்டிவைக்க முடியும் என்றால், யார்தான் அதை வாய்விட்டுச் சொல்வார்?

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியாகச் சொல்லப்படவில்லை. 2015இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் வந்த தகவல் அறியும் உரிமையில், அந்த உரிமையை மட்டுப்படுத்தும் காரணங்களில் ஒன்றாகத்தான் அந்தரங்கம் குறிப்பிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஒருவரது மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றி அரச நிறுவனங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. அது பொதுமக்கள் தகவல் கேட்கும்போது பொருந்தும் சட்டம். லொறி முதலாளி சாரதியிடம் கிளினிக் கொப்பியைக் கேட்பதை அது தடுக்காது.

அதற்கு நேராகப் பொருந்துவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சுகாதாரத் தரவை இந்தச் சட்டம் ‘விசேட வகை’ தனிப்பட்ட தரவு என்று வகைப்படுத்துகிறது. அதைச் சேகரிக்க, வைத்திருக்க, பிறருக்குக் கொடுக்கக் கூடுதலான நிபந்தனைகள் உண்டு. சம்மதம் ஒரு வழி. வேலைவாய்ப்பு தொடர்பான சட்டக் கடமைகளை நிறைவேற்றத் தேவைப்படுவது இன்னொரு வழி. எந்த வழியாக இருந்தாலும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டுமே எடுக்கலாம். மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு அதிகாரம் இருக்கிறது.

தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டு, நாள் நெருங்கியபோது தள்ளிவைக்கப்பட்டன. பிறகு அதே ஆண்டில் திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொழும்பில் நடக்கும் கூட்டங்களில் வங்கிகள், தொலைபேசிக் கம்பனிகள், மென்பொருள் நிறுவனங்கள் பேசுகின்றன. தோட்டத்து மருந்துசாலையின் பதிவேடும், லொறி முதலாளியின் மேசை லாச்சியில் கிடக்கும் மெடிக்கல் கட்டும் இதே சட்டத்தின் கீழ் வரும் ‘சுகாதாரத் தரவு’தான் என்று யாரும் அங்கே சொல்வதில்லை.

சம்மதம் என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போடும் கடதாசிகளில், “எனது மருத்துவ விபரங்களை நிறுவனம் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்” என்ற வரி எங்கோ ஓரிடத்தில் இருக்கும். பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. ஆனால் தனியார் கம்பனியின் படிவத்துக்கு அது பொருந்துவதில்லை. வாசிக்காமல், மறுக்க வழியில்லாமல் போடும் கையெழுத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று சொல்ல முடியுமா?

வேலையைப் பாதுகாக்கும் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிலாளர் சேவை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். நோயைக் காரணம் காட்டி நிறுத்துவதும் இதற்குள் வரும். ஆனால் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இரண்டு லொறி, மூன்று லொறி வைத்திருக்கும் முதலாளியிடம் ஓட்டுபவருக்கு அந்தக் குடை இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது தொழில் நீதிமன்றம். வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். நான் பேசியவர்களில் இந்தக் காலக்கெடுவைத் தெரிந்திருந்தவர் ஒருவர் மட்டுமே.

முதலாளியின் பயமும் நியாயமானதே

வெலிமடையில் மூன்று லொறி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, லொறி என் பேர்ல, லீசிங் என் பேர்ல. வலிப்பு வருத்தம் இருக்கிற ஆளை நான் தெரியாம ஏத்தி, அவன் ஸ்கூல் வேன்ல கொண்டுபோய் மோதினா, நீங்க எழுதுற பிரைவசி வந்து பதில் சொல்லுமா?”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏனென்றால் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2014 டிசம்பர் 22ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மாநகர சபையின் குப்பை லொறிச் சாரதி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நினைவிழந்தார். நத்தார் வியாபாரக் கூட்டத்துக்குள் லொறி புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது: அவர் 2010இல் பஸ் சாரதியாக இருந்தபோதும் ஆசனத்திலேயே மயங்கியிருக்கிறார். அதை மருத்துவர்களிடம் மாற்றிச் சொன்னார். புதிய வேலைக்குச் சேரும்போதும், அனுமதிப்பத்திரம் வழங்கும் நிறுவனத்திடமும் மறைத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று 2015 டிசம்பரில் வெளியான தீர்மானம் கூறியது.

அந்த விசாரணை மாநகர சபையையும் விட்டுவைக்கவில்லை. ஆட்களைச் சேர்க்கும்போது முன்னைய வேலையின் விபரங்களைச் சரியாகச் சரிபார்க்க வேண்டும் என்றது. ஆனால் சாரதியின் தகுதியைத் தீர்மானிக்கும் இடமாக அது பார்த்தது அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகார சபையைத்தான். பிரித்தானியாவில் மருத்துவர்களுக்கான வழிகாட்டலும் அதே பாதையில் போகிறது. வாகனம் ஓட்டத் தகுதியற்ற நோயாளி, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஓட்டிக்கொண்டிருந்தால், மருத்துவர் இரகசியத்தை மீறி அறிவிக்கலாம். அறிவிப்பது அனுமதிப்பத்திர அதிகார சபையின் மருத்துவ ஆலோசகருக்கு.

2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில் மோதி 150 பேர் இறந்தபோதும் இதே விவாதம் எழுந்தது. வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் கொடுத்த சான்றிதழை அவர் கம்பனியிடம் மறைத்திருந்தார். பிரெஞ்சு விசாரணை அறிக்கை இரண்டு பக்கமும் பேசியது. மருத்துவர் எப்போது இரகசியத்தை மீறலாம் என்பதற்குத் தெளிவான விதி வேண்டும் என்றது. கூடவே, அனுமதிப்பத்திரம் போனால் வருமானமும் போகும் என்ற பயம்தான் விமானிகளை மறைக்க வைக்கிறது, அந்தப் பொருளாதாரப் பயத்தைக் குறைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்றும் சொன்னது. நல்ல சம்பளம் வாங்கும் விமானிக்கே அந்தப் பயம் என்றால், லயத்தில் குடியிருக்கும் கொழுந்து லொறிச் சாரதிக்கு எவ்வளவு இருக்கும்?

இரண்டு கடதாசிகள்

முதலாளியின் நியாயமான கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் பாதுகாப்பாக ஓட்டுவாரா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நோயின் பெயர் தேவையில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் வெளியிட்ட தொழிலாளர் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு நடைமுறைக் கோவை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவப் பரிசோதனையின் பின் முதலாளிக்கு அறிவிக்க வேண்டியது குறிப்பிட்ட வேலைக்கு அவர் தகுதியானவரா இல்லையா என்ற முடிவு மட்டுமே. அதில் மருத்துவத் தகவல் எதுவும் இருக்கக் கூடாது.

அமெரிக்காவின் பெரிய லொறிகளுக்கான நடைமுறையில் இதை இரண்டு கடதாசிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பரிசோதிக்கும் மருத்துவர் நீளமான ஓர் அறிக்கை எழுதுகிறார். சாரதியின் நோய்கள், மருந்துகள், பரிசோதனை முடிவுகள் அதில் இருக்கும். பிறகு சிறிய ஒரு சான்றிதழ். இன்னாருக்கு ஓட்டத் தகுதி உண்டு, இத்தனை மாதத்துக்குச் செல்லுபடியாகும், கண்ணாடி போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் மட்டும் அதில் இருக்கும். கம்பனிக்கு அவசியம் இந்தச் சான்றிதழ்தான். வேறு காரணத்துக்காக மருத்துவ விபரம் கம்பனியிடம் வந்துசேர்ந்தாலும், 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, அதை ஊழியரின் சாதாரணக் கோப்பில் வைக்காமல் தனியாக இரகசியமாக வைக்க வேண்டும். மது, போதைப்பொருள் விடயத்தில் அவர்கள் கடுமையாக இருக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து அந்த மீறல்களுக்குத் தனியான தேசியப் பதிவு இயங்குகிறது. அங்கேயும் பார்க்க விரும்பும் கம்பனி சாரதியின் சம்மதத்தோடுதான் பார்க்க முடியும். போதைப் பரிசோதனையையும் நோய் விபரத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நம் நாட்டில் விபத்துக்குப் பிந்திய பேச்சுகளில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பக்கத்து நாட்டிலும் பாடம் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு வேலைகளில் லொறிச் சாரதிகளை ஒரு தனிக் குழுவாக இந்தியா குறித்து வைத்தது. லொறித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல் போன்ற ஊர்களில், விழிப்புணர்வோடு சேர்ந்து ‘லாரிக்காரர்’ என்றாலே சந்தேகப் பார்வையும் வந்தது. எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி ஒரு தற்காலிகத் தொழிலாளிக்குப் பொதுத்துறை நிறுவனம் வேலை மறுத்த வழக்கில், 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோலைச் சொன்னது. வேலையைச் செய்ய உடல் தகுதி இருந்து, மற்றவருக்கு ஆபத்தும் இல்லையென்றால், தொற்று இருப்பது மட்டும் வேலை மறுக்கக் காரணமாகாது. பிறகு 2017இல் இந்தியா இயற்றிய எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கான நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பதையே தடை செய்தது. நோயின் பெயரிலிருந்து வேலைத் தகுதிக்குக் கேள்வியை நகர்த்தியதுதான் அந்தத் தீர்ப்பின் பலம்.

நம்மிடம் இந்த இரண்டு கடதாசி முறைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கவும், 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும், சாரதி தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் பரிசோதனை செய்து சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகிறது. அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது என்றால், அரசாங்கம் அங்கீகரித்த மருத்துவர் ‘ஓட்டலாம்’ என்று சொல்லிவிட்டார் என்றுதான் பொருள். இடையில் இருக்கும் நான்கு ஆண்டுகள்தான் ஓட்டை. அந்த இடைவெளியில் முதலாளிக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஒழுங்கான இடமில்லை. அதனால் கிளினிக் கொப்பியைக் கேட்கிறார், அல்லது தோட்டத்து டொக்டரிடம் விசாரிக்கிறார்.

எங்கே தொடங்கலாம்?

முதலில், தகுதிப் பரிசோதனைக்கு ஒரு பாதை வேண்டும். சாரதியின் உடல்நிலையில் நியாயமான சந்தேகம் வந்தால், முதலாளி தன் செலவில், சம்பளத்தோடு கூடிய விடுப்பில் அவரைப் போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் கிளைக்கு அனுப்பக்கூடிய ஏற்பாடு. திரும்பி வரும் கடதாசியில் மூன்று பதில்களில் ஒன்று போதும்: ஓட்டலாம், இன்ன நிபந்தனையோடு ஓட்டலாம், இத்தனை காலத்துக்கு ஓட்டக் கூடாது. ‘ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் உணவு இடைவேளை தேவை’ என்று எழுதினால் போதும். ‘நீரிழிவு’ என்று எழுதத் தேவையில்லை. வெலிமடை முதலாளியின் கேள்விக்கும் அதில் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது, தோட்டத்து மருந்துசாலைப் பதிவேடு. பதிவேட்டைப் பார்க்கும் உரிமை மருத்துவ உதவியாளருக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் மட்டும் என்று கம்பனிகள் எழுத்தில் அறிவிக்கலாம். ஆபீசுக்குப் போகும் சீட்டில் எத்தனை நாள் ஓய்வு என்று மட்டும் இருந்தால் போதும். பரவும் நோய் என்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டியது சட்டம். அந்த அறிவிப்பு போக வேண்டிய பாதை அதுதான். ஆபீஸ் கிளாக்கரின் மேசை அந்தப் பாதையில் இல்லை.

மூன்றாவது, தொழிற்சங்கங்கள். மலையகத்தில் சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் நாட்கூலி, கொழுந்தின் கிலோ அளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் மருத்துவ இரகசியம் பற்றி ஒரு பந்தி சேர்க்கச் சொல்லி எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. கம்பனிகளுக்கு அதனால் ஒரு சதமும் செலவில்லை. கூடவே, நோயால் தற்காலிகமாக ஓட்ட முடியாத சாரதிக்கு அதே சம்பளத்தில் மாற்று வேலை என்ற உறுதியும் வேண்டும். அது இல்லாமல் ‘உண்மையைச் சொல்’ என்று கேட்பது, வேலையை நீயே விட்டுப் போ என்று சொல்வதற்குச் சமம்.

நான்காவது, சாரதிகள் தாமே செய்யக்கூடியது. மருத்துவரிடம் எந்தக் காரணம் கொண்டும் மறைக்காதீர்கள், நீங்கள் லொறி ஓட்டுபவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்து மருந்தின் வகையும் நேரமும் மாறலாம். முதலாளிக்குக் கொடுக்கும் மெடிக்கலில் நோயின் பெயருக்குப் பதிலாக ‘மருத்துவக் காரணம், இத்தனை நாள் ஓய்வு’ என்று எழுத முடியுமா என்று கேளுங்கள். காய்ச்சல் என்று பொய் எழுதச் சொல்வதைவிட அது நேர்மையானது, மருத்துவருக்கும் சங்கடமில்லை. கிளினிக் கொப்பி உங்களுடையது. அதை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மயக்கம், வலிப்பு, நெஞ்சு வலி போன்றவை வந்தால், ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை சாவியைத் தொடாதீர்கள். அந்தரங்கம் என்பது ஆபத்தான நிலையில் ஓட்டுவதற்கான உரிமை அல்ல.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது வரட்டும். மேலே சொன்னவற்றில் பாதிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு தோட்டக் கம்பனி தன் மருந்துசாலைச் சீட்டிலிருந்து ‘நோய்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘ஓய்வு நாட்கள்’ என்ற கட்டத்தை மட்டும் விட்டால், அன்றைக்கே அங்கு ஒரு மாற்றம் தொடங்கிவிடும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட வேண்டிய ஒரு சாரதி, வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் பெரகலைச் சந்தியில் லொறியை ஓரம் கட்டிச் சாப்பிடுவார். அவருக்குப் பின்னால் வரும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் அதுதான் நல்லது.